கிருமி கொன்றது, சரி. மீளவிடாமல் செய்தது எது?

"ஐரோப்பியர் கொண்டுவந்த பெரியம்மையால்தானே அமெரிக்கக் கண்டத்துப் பூர்வகுடிகள் அழிந்தார்கள்? கிருமிக்கு யாரைக் குற்றம் சொல்வது? அதுவும் 500 வருஷம் ஆகிவிட்டது. நாமும்தான் வெள்ளைக்காரனிடம் அடிமைப்பட்டோம், எழுந்து நிற்கவில்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே மூச்சில் கேட்டாலும் இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. மக்கள் மாண்டதற்கு நோய் எவ்வளவு தூரம் காரணம் என்பது ஒன்று. அந்தக் காலத்தின் பாதிப்பு என்று இன்றைக்கும் அளந்து காட்டக்கூடியது ஏதாவது இருக்கிறதா என்பது இரண்டாவது. இந்தியாவோடு ஒப்பிடலாமா என்பது மூன்றாவது.

காலனிய காலப் பொருளாதார வரலாற்றைக் கல்லூரியில் நெடுங்காலம் கற்பித்தவன் நான். அதிலும் ஆழமாகப் படித்தது ஆண்டிஸ் மலைநாட்டை, அதாவது இன்றைய பெருவையும் பொலிவியாவையும். அதனால் இரண்டு கண்டங்களுக்கும் சேர்த்துப் பேசாமல் பெரும்பாலும் அங்கேயே நிற்கிறேன். ஆஸ்திரேலியாவுக்கோ கனடாவுக்கோ இதை அப்படியே பொருத்திவிட முடியாது. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்பானிய ஆவணங்களைப் படிப்பேன். அந்த மலைநாட்டு மக்கள் பேசும் கெச்சுவா மொழி தெரியாது. அந்த மக்களின் குரல் எனக்குக் கிடைப்பது பெரும்பாலும் அதிகாரிகளும் பாதிரிமார்களும் எழுதிவைத்ததன் வழியாகத்தான்.

நோய் பெருங்கொலை செய்தது என்பதில் சந்தேகமே இல்லை. பெரியம்மையும் தட்டம்மையும் அந்த மண் அறியாதவை. நம் ஊரில் அம்மைக்கு ஒரு தெய்வமே உண்டு. அவ்வளவு பழகிய நோய் அது, பிழைத்தவர்களுக்கு மறுபடி வராது. அங்கே குழந்தை முதல் கிழவர் வரை யாருக்கும் அந்தக் காப்பு இல்லை. 1520இல் மெக்சிக்கோவின் தெனோச்சித்லானில் பெரியம்மை புகுந்து அஸ்டெக் அரசர் குயித்லாவாக்கையே கொண்டுபோனது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் நகரம் வீழ்ந்தது. இதெல்லாம் உறுதியான செய்திகள். ஆண்டிஸை ஆண்ட இன்கா பேரரசர் ஹுவாய்னா காப்பாக் 1520களின் நடுவில், ஸ்பானியர் நாட்டுக்குள் நுழையும் முன்பே இறந்தார். அவரைக் கொன்றதும் பெரியம்மைதான் என்று எங்கும் எழுதுகிறார்கள். அது அவ்வளவு உறுதியில்லை. பிற்காலத்தில் எழுதப்பட்ட குறிப்புகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. அவர் மரணத்துக்குப் பின் மகன்கள் இருவரும் அரசுரிமைக்காக மோதிக்கொண்டதும், அந்தச் சண்டை ஓயும் வேளையில் ஸ்பானியத் தளபதி பிசாரோ 168 ஆட்களோடு வந்து 1532 நவம்பரில் கஜமார்கா என்ற ஊரில், வென்ற மகன் அதாவல்பாவைச் சிறைபிடித்ததும்தான் உறுதி. இன்காக்கள்மீது ஏற்கெனவே மனக்கசப்பில் இருந்த கன்யாரி, ஹுவாங்கா போன்ற இனத்தார் ஸ்பானியர் பக்கம் சேர்ந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 168 பேர் தனியாக ஒரு பேரரசைச் சாய்க்கவில்லை.

நோய் மட்டுமே காரணம் என்ற வாதம் முதலில் இடறுவது கரீபியத் தீவுகளில். கொலம்பஸ் 1492இல் இறங்கிய ஹிஸ்பானியோலாவில் (இன்றைய ஹைட்டியும் டொமினிக்கன் குடியரசும்) பெரியம்மை வந்ததாக முதல் உறுதியான பதிவு 1518 இறுதியில்தான் கிடைக்கிறது. அதற்குள் அந்தத் தீவின் தைனோ மக்கள் ஏறக்குறைய முடிந்துபோயிருந்தார்கள். 1514இல் வேலைக்குப் பங்கிடுவதற்காக ஸ்பானியர் எடுத்த கணக்கில் சுமார் 26,000 பேர்தான் தேறினார்கள். வேறு காய்ச்சல்கள் முன்பே வந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் தங்கம் அரிக்க ஆற்றுக்கு ஓட்டிச்செல்லப்பட்டதும், மரவள்ளி நட ஆளில்லாமல் பஞ்சம் வந்ததும், ஊர் ஊராகப் பெயர்த்து எடுக்கப்பட்டதும் அந்த 25 ஆண்டுகளில்தான் நடந்தன. 1511 டிசம்பரில் மொந்தேசினோஸ் என்ற துறவி சாந்தோ தொமிங்கோவில் பிரசங்க மேடையிலேயே இதைச் சொல்லி அங்கிருந்த ஸ்பானியர்களைச் சாடினார். ஆக, அந்தக் காலத்துக்காரர்களுக்குக் காரணம் தெரியாமல் இல்லை.

எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டால் யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஹிஸ்பானியோலாவுக்கே ஒரு லட்சம் என்பாரும் உண்டு, 80 லட்சம் என்பாரும் உண்டு. பழைய எலும்புகளின் மரபணுவை வைத்து 2020இல் வந்த ஆய்வு ஒன்று, அங்கும் பக்கத்துப் போர்ட்டோ ரிக்கோவிலும் சேர்த்தே சில பத்தாயிரம் பேர்தான் என்றது. அதன் முறைமீதும் வாதம் நடக்கிறது. பெருவுக்குப் பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடு 1520இல் 90 லட்சம், 1570இல் 13 லட்சம், 1620இல் 6 லட்சம். இதில் பின்னிரண்டு எண்களுக்கு வரிக்கணக்கு என்ற ஆதாரம் இருக்கிறது. முதல் எண் பின்னோக்கிப் போய் ஊகித்தது. "90 சதவீதம் அழிந்தார்கள்" என்று படிக்கும்போது இந்த வேறுபாடு நினைவிலிருக்கட்டும். வீழ்ச்சி மிகப் பெரியது என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள், சதவீதத்தில்தான் சண்டை.

நான் மாணவர்களிடம் வேறொரு கேள்வியைக் கேட்பேன். பெரியம்மை புதிதாக வந்த ஊரில் தொற்றியவர்களில் சுமார் 30 சதவீதம் பேர் சாகலாம். கொடூரம்தான். ஆனால் ஐரோப்பாவைத் தாக்கிய கருங்கொள்ளை நோய் மூன்றில் ஒரு பங்கு மக்களை, சில மதிப்பீடுகளில் பாதிப் பேரை வாரிக்கொண்டு போனது. இரண்டு நூற்றாண்டுக்குள் அந்தக் கண்டம் பழைய மக்கள்தொகைக்கு மீண்டுவிட்டது. நடுவில் ஆள் தட்டுப்பாட்டால் உழவர்களின் கூலிகூட உயர்ந்தது. ஆண்டிஸில் முதல் அம்மைக்கு 200 ஆண்டுகள் கழித்தும் எண்ணிக்கை ஏறவில்லை. 1718 முதல் 1720 வரை இன்னொரு பெருநோய் வாரிப்போட்ட பிறகுதான் மெல்ல நிமிர்கிறது. முதல் அடி கிருமியுடையது என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு நூற்றாண்டு எழவிடாமல் அமுக்கிப் பிடித்தது எது?

பதிலின் பெரும்பகுதி பிரான்சிஸ்கோ தெ தொலேடோ என்ற அரசப் பிரதிநிதியின் ஆட்சியில் இருக்கிறது. 1569 முதல் 1581 வரை பெருவை ஆண்டவர், அசாத்தியத் திறமைசாலி; அதுவே அந்த மக்களுக்கு வினையாகிவிட்டது. மலைச்சரிவெங்கும் சிறு சிறு குடியிருப்புகளாகச் சிதறி வாழ்ந்த மக்களைப் பெயர்த்து, நடுவில் சதுக்கமும் தேவாலயமும் கட்டம் கட்டமாகத் தெருவும் கொண்ட புதிய ஊர்களில் கூட்டமாகக் குடியேற்றினார். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்படி இடம்பெயர்க்கப்பட்டார்கள். வரி வசூலிக்கவும் ஞானஸ்நானம் கொடுக்கவும் இது வசதி. ஆனால் ஆண்டிஸ் வேளாண்மை ஒரே இடத்தில் நடப்பதல்ல. மேலே உருளைக்கிழங்கும் லாமா மேய்ச்சலும், நடுச்சரிவில் மக்காச்சோளம், கீழே வெப்பப் பள்ளத்தாக்கில் கோகா இலை என்று ஒரே குடும்பம் பல உயரங்களில் கால் வைத்திருக்கும். ஒன்று பொய்த்தால் இன்னொன்று காப்பாற்றும். போதாக்குறைக்கு இன்கா அரசின் களஞ்சியங்களும் இருந்தன. புதிய ஊர்கள் வந்ததும் தூரத்து வயல்கள் கைவிட்டுப்போயின. களஞ்சியங்களோ முன்பே சூறையாடப்பட்டிருந்தன. மக்களை நெருக்கிக் குடியேற்றிய கொஞ்ச காலத்திலேயே, 1585க்கும் 1591க்கும் இடையில், பெரியம்மையும் தட்டம்மையுமாக அலை அலையாக நோய் புரட்டிப்போட்டது. நோய் தனி, ஆட்சி தனி என்று இங்கே பிரிக்கவே முடியாது.

அடுத்தது மித்தா, அதாவது முறை வைத்து ஆள் எடுக்கும் கட்டாய வேலை. 1545இல் பொட்டோசி மலையில் வெள்ளி கண்டுபிடித்தார்கள். ஊரே கடல்மட்டத்திலிருந்து சுமார் 4,000 மீட்டர் உயரம். மலை அதற்கும் மேலே. நல்ல தாது தீர்ந்ததும் மட்டமான தாதுவிலிருந்து பாதரசம் கொண்டு வெள்ளி பிரிக்கும் முறை 1570களின் தொடக்கத்தில் வந்தது. பாதரசம் பெருவின் ஹுவான்காவெலிக்கா சுரங்கத்திலிருந்து. இரண்டு இடத்துக்கும் ஆள் வேண்டும். முறை வைத்துப் பொதுவேலைக்கு ஆள் எடுக்கும் பழக்கம் இன்காக்களிடமும் இருந்தது, அதைத் தொலேடோ சுரங்கத்துக்குத் திருப்பினார். 1573 முதல் 16 மாகாணங்களில், 18 வயதிலிருந்து 50 வரையுள்ள ஆண்களில் ஏழில் ஒருவர் ஆண்டுதோறும் பொட்டோசிக்குப் போக வேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 13,500 பேர். டிட்டிக்காக்கா ஏரிக்கரையின் சுக்குயிட்டோ மாகாணத்திலிருந்து மனைவி மக்களோடு 7,000 பேர்வரை லாமாக்களை ஓட்டிக்கொண்டு இரண்டு மாதம் நடந்து போனதாக ஒரு சமகாலக் குறிப்பு சொல்கிறது. கூலி உண்டு. வழிச்செலவுக்கும் பொட்டோசியின் விலைவாசிக்கும் அது போதாது. மிச்சத்தை ஊர்தான் ஈடுகட்டியது. ஒரு வாரம் முறைவேலை, அடுத்த இரண்டு வாரம் ஓய்வு என்பது சட்டம். அந்த இரண்டு வாரமும் வயிற்றுக்காக அதே சுரங்கத்தில் கூலிக்குப் போனார்கள்.

இணையத்தில் "பொட்டோசியில் 80 லட்சம் பேர் செத்தார்கள்" என்ற வரி சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதற்கு ஆவண ஆதாரம் கிடையாது, நம்பாதீர்கள். அந்த ஊர் உச்சத்தில் இருந்தபோதே மக்கள்தொகை சுமார் 1,60,000. பிற்காலத்தில் சுரங்கத்தில் பாதிக்கு மேற்பட்டோர் தாமாக வந்த கூலிக்காரர்கள். சுரங்கச் சரிவிலும் பாதரசப் புகையிலும் தூசி நுரையீரலிலும் ஏராளமானோர் மாண்டது நிச்சயம், எத்தனை பேர் என்பது நிச்சயமில்லை. என் கணிப்பில், சுரங்கத்துக்குள் நடந்த சாவைவிட மித்தா ஊர்களுக்குச் செய்தது பெரிது. பேர் பதிந்த ஊரில் இருந்தால்தானே முறை வரும்? ஊரை விட்டே ஓடினார்கள். வேறு ஊரில் நிலமில்லாத வந்தேறிகளாக, பண்ணைகளில் கூலிகளாகத் தங்கினார்கள். வரிப்பட்டியலில் ஆள் குறைந்ததில் ஒரு பங்கு சாவு அல்ல, ஓட்டம். ஆனால் ஊருக்கு விதித்த தலைக்கணக்கு குறையவில்லை. இருந்தவர்கள்மேல் முறை இன்னும் அடிக்கடி வந்தது, அவர்களும் ஓடினார்கள். ஆள் கொடுக்க முடியாத ஊர்த்தலைவர்கள், அவர்களைக் குராக்கா என்பார்கள், பணமாகக் கட்டினார்கள். சுரங்க முதலாளிகள் அந்தப் பணத்தில் வேறு ஆள் வைக்காமல் பையில் போட்டுக்கொண்ட கூத்தும் உண்டு. அதற்கு "சட்டைப்பை இந்தியர்கள்" என்று அப்போதே கேலிப் பெயர் இருந்தது.

அந்த வெள்ளியில் ஒரு துளி நம் கரைக்கும் வந்தது என்பதை இடையில் சொல்லிவிடுகிறேன். பழவேற்காட்டிலும் மசூலிப்பட்டினத்திலும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் துணி வாங்க எடுத்துவந்த பணத்தில் ஸ்பானிய ரியால்களும் இருந்தன. மிளகாய் வந்த கதை எல்லோருக்கும் தெரியும், வெள்ளி வந்த கதை அவ்வளவாகத் தெரியாது.

மித்தா 1812 வரை, ஏறக்குறைய 240 ஆண்டுகள் நீடித்தது. துங்காசுக்கா என்ற ஊரின் குராக்காவான கொந்தோர்காங்கி, தன் மக்களை அதிலிருந்து விடுவிக்கும்படி 1777இல் லிமா நகரத்துக்குப் போய் மனுப்போட்டுப் பார்த்தார். எதுவும் நடக்கவில்லை. 1780இல் இரண்டாம் டூப்பாக் அமாரு என்ற பெயரில் கலகக்கொடி ஏற்றினார். 1781 மே மாதம் குஸ்கோ சதுக்கத்தில் குடும்பத்தோடு கொல்லப்பட்டார். அதன் பின் இன்கா பாணி உடைகளுக்கும் நாடகங்களுக்கும் தடை வந்தது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி: அளக்கக்கூடிய பாதிப்பு. மெலிசா டெல் என்ற பொருளியலாளர் 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்த மித்தா எல்லைக்கோட்டையே அளவுகோலாக எடுத்துக்கொண்டது. தென் பெருவில் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடுத்தடுத்து வாழும் குடும்பங்களை ஒப்பிட்டார். மித்தாவுக்கு உட்பட்டிருந்த பக்கத்தில் இன்றைய குடும்பச் செலவு சுமார் 25 சதவீதம் குறைவு. வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகள் சுமார் 6 சதவீதப் புள்ளிகள் அதிகம். காரணமாக அவர் காட்டியது பலருக்கு வியப்பாக இருக்கும். மித்தா மாவட்டங்களில் ஆளுக்குப் போட்டி வரக்கூடாது என்று அரசு பெரிய பண்ணைகளைக் கட்டுப்படுத்தியது. கோட்டுக்கு வெளியே பண்ணையார்கள் தங்கள் சரக்குக்காகச் சாலை கேட்டு வாங்கினார்கள். உள்ளே கேட்கச் செல்வாக்குள்ள ஆளில்லை. இன்றும் அங்கே சாலை குறைவு, சந்தைக்கு விளைவிப்பவர் குறைவு. பண்ணையார் நல்லவர் என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். பண்ணைக்குள் இருந்தவர்கள் சம்பளமில்லாமல் எசமான் வீட்டு வேலையும் செய்தார்கள். பக்கத்து ஊர்கள் இயல்பாகவே ஒன்றுபோல இருப்பதால் இந்த மாதிரிப் புள்ளிவிவர ஒப்பீடுகள் மிகையாகத் தெரியும் என்று விமர்சனமும் இருக்கிறது. 25 என்ற எண்ணைப் பிடித்துக்கொள்ள மாட்டேன். சாலை வந்ததும் வராததும் என்று அவர் காட்டிய காரணத்தை நம்புகிறேன், அது ஆவணங்களில் நான் பார்ப்பதோடு பொருந்துகிறது. மண்ணிலும் தடம் இருக்கிறது. பெருவின் கெல்காயா பனிப்பாறையைத் துளைத்து எடுத்த பனிக்கட்டியில் 16ஆம் நூற்றாண்டின் உலோகப் புகை படிந்திருக்கிறது. ஹுவான்காவெலிக்காவில் மண்சுவர் வீடுகளின் சுவரிலேயே பாதரசம் கண்டறிந்தார்கள். பொட்டோசி மலையில் இன்றும் கூட்டுறவுச் சுரங்கக்காரர்கள் வெட்டுகிறார்கள். உச்சி உள்வாங்கிக்கொண்டிருப்பதால் யுனெஸ்கோ அதை 2014இல் ஆபத்துப் பட்டியலில் சேர்த்தது.

இந்திய ஒப்பீட்டுக்கு வருகிறேன். ஒரு விஷயத்தில் ஒப்பிடலாம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் பஞ்சம் வந்தது மழை பொய்த்ததால். தானியம் கப்பலேறியதும் நிவாரணக் கூலியைக் குறைத்ததும் மழையின் வேலையல்ல. இயற்கையின் அடியை ஆட்சி எப்படிப் பேரழிவாக்கும் என்பது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆனால் விடுதலை என்பது இரண்டு இடத்திலும் ஒன்றல்ல. 1947இல் ஆண்டவர்கள் கப்பலேறிப் போனார்கள். பெருவிலும் பொலிவியாவிலும் 1821க்கும் 1825க்கும் இடையில் விடுதலை பெற்றவர்கள் அங்கேயே பிறந்த ஸ்பானிய வம்சத்தார். நிலமும் சுரங்கமும் நீதிமன்றமும் அவர்கள் கையில் தொடர்ந்தன. பொலிவியாவில் பூர்வகுடிகளின் தலைவரியை விடுதலைப் போரின் தலைவர் பொலிவார் 1825இல் ஒழித்தார். அடுத்த ஆண்டே திரும்பக் கொண்டுவந்தார்கள், புதிய அரசின் கஜானா அதை நம்பித்தான் இருந்தது. 1874இல் ஊர்ப்பொது நிலத்தைத் தனித்தனிப் பட்டாவாக உடைக்கும் சட்டம் வந்தது. ஸ்பானியர் காலத்தில்கூடத் தப்பிப் பிழைத்த நிலங்கள் அதன்பின்தான் பண்ணைகளுக்குப் போயின. பண்ணையில் கூலியில்லா ஊழியம் உண்மையில் ஒழிந்தது 1952 புரட்சிக்கும் அடுத்த ஆண்டின் நிலச்சீர்திருத்தத்துக்கும் பிறகு. அதுவரை எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாக்கும் இல்லை.

அதனால்தான் "500 வருஷம் ஆகிவிட்டது" என்ற கணக்கை நான் ஏற்பதில்லை. பெருவில் எழுத்தறியாதவர்களுக்கு வாக்குரிமை கொடுத்தது 1979 அரசமைப்புச் சட்டம். கெச்சுவா மட்டுமே பேசிப் பள்ளிக்கே போகாத ஒரு மூதாட்டி முதன்முதலாக வாக்குச்சாவடிக்குப் போக முடிந்தது 1980 மே 18 பொதுத்தேர்தலில். அதற்கு முந்தைய நாள் அயாகுச்சோ பகுதியின் சுஸ்சி கிராமத்தில் "ஒளிரும் பாதை" என்ற ஆயுதக்குழு வாக்குப்பெட்டிகளை எரித்துப் போரைத் தொடங்கியது. அந்தப் போரை விசாரித்த உண்மை ஆணையம் 2003இல் அறிக்கை தந்தது. கொல்லப்பட்டவர்களும் காணாமற்போனவர்களும் சுமார் 69,000 என்று அதன் மதிப்பீடு. அடையாளம் தெரிந்தவர்களில் 75 சதவீதம் பேரின் தாய்மொழி கெச்சுவா அல்லது வேறு பூர்வகுடி மொழி. தலைநகரத்தில் இருந்த பலர் அத்தனை பேர் செத்ததை அதுவரை உணரவே இல்லை என்று அந்த ஆணையமே குறிப்பிட்டது.

கடைசியாக, "அழிந்தார்கள்" என்று எழுதியிருந்தீர்கள். தைனோக்களைப் பற்றிக்கூட அப்படி முழுதாகச் சொல்வதைக் கரீபியத்தில் பலர் இன்று மறுக்கிறார்கள். ஆண்டிஸில் அது அப்பட்டமான தவறு. கெச்சுவா பேசுவோர் இன்றும் பல லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். பொலிவியா 2005 இறுதியில் அய்மாரா இனத்தவரான எவோ மொராலெஸை அதிபராகத் தேர்ந்தெடுத்தது. 2009 அரசமைப்பு ஸ்பானியத்தோடு 36 பூர்வகுடி மொழிகளை ஆட்சிமொழியாக்கியது. ஆனால் அதே நாட்டில் தங்களைப் பூர்வகுடி என்று சொல்லிக்கொண்டோர் 2001 கணக்கெடுப்பில் 62 சதவீதம், 2012இல் 41 சதவீதம். இடையில் எந்தக் கொள்ளைநோயும் வரவில்லை. கேள்வியின் வாசகம் மாறியது ஒரு காரணம். நகரத்துக்குக் குடிபெயர்ந்த இளைஞர்கள் அந்த அடையாளத்தை விட்டது ஒரு காரணம் என்கிறார்கள். மொராலெஸ் அரசின் மீதிருந்த கசப்பும் சேர்ந்தது என்கிறார்கள் சிலர். இதில் எது எவ்வளவு என்று ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.